டெண்டர் எழுதும் முன் எடை மேடைக்குப் போய் வாருங்கள்

கேள்வி: ஐயா, ஒரு நகராட்சியின் வாகனப் பிரிவுக்கு எட்டு மாதங்களுக்கு முன் பொறுப்பேற்ற பொறியாளர் நான். மொத்தம் 64 வண்டிகள். அதில் 22 வண்டிகள் மாற்ற வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. இந்த ஆண்டு நிதி ஒன்பதுக்குத்தான் வரும். குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் நான்கு, கழிவுநீர்க் குழாய் அடைப்பைத் தண்ணீர் பீய்ச்சி நீக்கும் ஜெட்டிங் வண்டி ஒன்று, தெருவிளக்கு வேலைக்கு ஆளை மேலே தூக்கும் ஸ்கை லிஃப்ட் ஒன்று, ஆய்வுக்குப் போக மூன்று சிறு வண்டிகள் என்று நினைத்திருக்கிறேன். போன முறை வாங்கிய காம்பாக்டர்களில் மூன்று வருஷத்துக்குள்ளேயே பின்பக்க ஸ்பிரிங் முறிகிறது, கூடுதல் ஸ்பிரிங் பட்டை சேர்த்துப் போட்டும் நிற்கவில்லை. என் கேள்விகள்: 22இல் எதை முதலில் மாற்றுவது? சேசிஸையும் (எஞ்சின், சக்கரங்களோடு கூடிய அடிச்சட்டம்) அதன் மேல் கட்டும் பாடியையும் தனித்தனியாக வாங்குவதா, ஒரே ஆளிடம் வாங்குவதா? மின்சார வண்டிக்குப் போகலாமா? பழைய வண்டிகளில் இருக்கும் வயர்லெஸ், சுழல்விளக்கு, கேமராவைக் கழற்றிப் புதியவற்றில் மாட்டலாமா?

பதில்:

நண்பருக்கு வணக்கம்.

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான்: ஸ்பிரிங் முறிகிறது, பட்டை சேர்த்தும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் தெரியாமல் அடுத்த நான்கு காம்பாக்டருக்கு டெண்டர் எழுதினால் அதே வண்டியைத்தான் மறுபடியும் வாங்குவீர்கள், பெயின்ட் மட்டும் புதிதாக இருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வண்டியில் முறிந்தால் அது ஸ்பிரிங்கின் கோளாறாக இருக்கலாம். ஒரே தொகுதியில் வாங்கிய எல்லா வண்டியிலும் பின்பக்கம் மட்டும் முறிகிறது என்றால் அநேகமாக எடைதான். பட்டை சேர்ப்பது நம் ஒர்க்‌ஷாப்காரர்களுக்குக் கைவந்த வைத்தியம். வண்டி நிமிர்ந்து நிற்கும், டிரைவருக்கும் திருப்தி. ஆனால் எடை எங்கும் போய்விடவில்லையே. ஸ்பிரிங் வாங்கிக்கொண்டிருந்த அடியை இனி ஆக்ஸில் என்கிற சக்கர அச்சின் உறையும் டயரும் சேசிஸ் சட்டமும் வாங்கும். பிரேக்கோ வண்டி பிறந்தபோது எந்த எடைக்கு அமைத்தார்களோ அதற்கு மேல் ஒரு கிலோ கூடக் கணக்கில் வைத்திருக்காது.

இதைச் சரிபார்க்க அதிக நேரம் ஆகாது. ஒரு காம்பாக்டரை அதன் வழக்கமான முதல் நடை முடிந்து, குப்பையைக் கொட்டுவதற்கு முன், அப்படியே எடை மேடைக்கு ஓட்டிப் போங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை. கொட்டிவிட்டு வந்து காலியாக மறுபடி மூன்றும். ஆறு எண்கள். மழைக்கு மறுநாள் ஒரு தடவை, காய்ந்த நாளில் ஒரு தடவை எடுத்தால் இன்னும் நல்லது. நனைந்த குப்பையின் எடை வேறு.

என்ன தெரியவரும் என்று ஒரு மாதிரிக் கணக்கில் காட்டுகிறேன். மொத்த அனுமதி எடை 16,000 கிலோ உள்ள ஒரு சேசிஸ் என்று வையுங்கள். கேபினோடு சேசிஸ் 5,000. காம்பாக்டர் பாடியும் ஹைட்ராலிக்கும் தொட்டி தூக்கும் அமைப்பும் சேர்ந்து 5,600. மூன்று ஆட்கள் 225. 200 லிட்டர் டீசல் ஏறக்குறைய 170. ஸ்டெப்னி, கருவிகள் 150. கூட்டினால் 11,145. ஆக, குப்பைக்கு மிச்சம் இருப்பது 4,855 கிலோ. இப்போது பாடியின் கொள்ளளவு 14 கன மீட்டர் என்று வாங்கியிருந்தால், அழுத்திய குப்பையைக் கன மீட்டருக்கு 500 கிலோ என்று மிதமாக வைத்தாலும் பெட்டி நிறைய 7,000 கிலோ. கூடுதல் 2,145. அதுவும் ஏறக்குறைய முழுவதும் பின்னால்தான் உட்காரும். பின் ஆக்ஸிலின் வரம்பு 10,200 கிலோ என்றால் உண்மையில் அது தாங்கிக்கொண்டிருப்பது 12,300க்கும் மேல்.

டிரைவரையோ லோடுமேனையோ திட்டிப் பயனில்லை. பெட்டியில் இடம் இருக்கும்வரை அவர்கள் போடத்தான் செய்வார்கள், அதற்குத்தானே பெட்டி. தப்பு விவரக்குறிப்பில் ‘14 கன மீட்டர்’ என்று எழுதியதில் இருக்கிறது. பெரிய பெட்டி என்றால் ஒரே விலைக்கு அதிகம் கிடைத்த மாதிரித் தோன்றும், கொள்முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். அந்தச் சேசிஸுக்குப் பொருத்தமானது பத்து கன மீட்டருக்குள்தான்.

இதில் நகராட்சிக்கு இன்னொரு அடியும் உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி ஒன்றைப் படித்திருப்பீர்கள்: சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய ஆக்ஸில் எடையின் நான்காம் அடுக்கில் கூடும். மேலே சொன்ன கணக்கில் பின் ஆக்ஸிலின் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. சேதம் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தத் தெருவைப் போட்டதும் நீங்கள்தான், ஒட்டுப்போடப் போவதும் நீங்கள்தான்.

ஆகவே புது விவரக்குறிப்பின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: முழு டேங்க் டீசல், முழுக் குழு, எல்லாக் கருவியும் ஏறிய நிலையில், சட்டப்படியான மொத்த எடைக்கும் ஒவ்வொரு ஆக்ஸிலின் வரம்புக்கும் உட்பட்டு, இத்தனை கிலோ குப்பை ஏற்ற வேண்டும். கன மீட்டர் அதற்குப் பிறகு வரட்டும். ஏலதாரர் ஒவ்வொருவரும் முன், பின் ஆக்ஸில் எடைக் கணக்கைத் தாளில் போட்டுத் தர வேண்டும், வண்டி வந்ததும் அந்தத் தாளோடு எடை மேடைக்குப் போவோம், பொருந்தாவிட்டால் வண்டி திரும்பிப் போகும் என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு நிபந்தனை பாதிப் பேரை யோசிக்க வைக்கும்.

பின் தொங்கலையும் கவனியுங்கள். தொட்டியைத் தூக்கும் அமைப்பு பின் ஆக்ஸிலுக்கு இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது, சக்கரங்களுக்கு நடுவே நான்கு மீட்டர் என்றால், 700 கிலோ தொட்டியைத் தூக்கும்போது முன் ஆக்ஸிலிலிருந்து 350 கிலோ குறையும், பின்னால் 1,050 கூடும். காலியாக இருக்கும்போது ஸ்டியரிங் ‘லேசாக’ இருப்பதாக டிரைவர்கள் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். முன் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

எதை முதலில் மாற்றுவது? உங்கள் 22 வண்டிப் பட்டியல் வாங்கிய வருஷத்தை வைத்துப் போட்டது என்று ஊகிக்கிறேன், பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். வயது ஒரு அடையாளம், அவ்வளவே. மூன்று வருஷ லாக் புக்கையும் ஒர்க்‌ஷாப் பதிவேட்டையும் எடுத்து ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு எண்களைத் தேடுங்கள்: ஓடிய கிலோமீட்டர், எஞ்சின் ஓடிய மணி நேரம், ரிப்பேருக்கு ஆன செலவு, வேலைக்கு வராமல் நின்ற நாட்கள். நான்கில் எனக்கு அதிக நம்பிக்கை கடைசியில்தான். ரிப்பேர் செலவைக் காட்டாமல் மறைக்க வழி உண்டு. ஒரு பில்லை வேறு வண்டியின் கணக்கில் எழுதிவிடலாம். வண்டி வராத நாளில் தெரு அசுத்தமாகக் கிடந்ததை யாராலும் மறைக்க முடியாது.

மணி நேரத்தை ஏன் தனியாகக் கேட்கிறேன் என்றால், நகர வண்டிகளுக்குக் கிலோமீட்டர் பாதி உண்மையைத்தான் சொல்லும். நின்ற இடத்தில் எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடினால் அதை 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக வைப்பது இந்தத் துறையில் வழக்கம். ஜெட்டிங் வண்டி ஒன்று 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், ஆனால் நின்றபடி பம்பை ஓட்டியது 5,000 மணி நேரம் இருக்கும். வெறும் ஐட்லிங் கணக்கிலேயே அது இரண்டு லட்சம் கிலோமீட்டர்; பம்பு இழுக்கிற சுமையைச் சேர்த்தால் இன்னும் கூட. மீட்டரை மட்டும் பார்த்து ‘இது புதுசு மாதிரிதானே’ என்று தள்ளிவைத்த வண்டி ஒருநாள் நடுத்தெருவில் மேன்ஹோலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றுவிடும்.

பொதுவான தத்துவம் இதுதான். வண்டி பழசாக ஆக, வாங்கிய விலையை வருஷங்களில் பகிர்ந்தால் வரும் பங்கு குறைந்துகொண்டே போகும். பராமரிப்பும் நின்ற நாட்களின் நஷ்டமும் ஏறிக்கொண்டே போகும். இரண்டின் கூட்டுத்தொகை எந்த வருஷத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறதோ அதுதான் மாற்ற வேண்டிய காலம். கணக்கு நுணுக்கமாக வராவிட்டாலும் பரவாயில்லை, வளைவு திரும்பிவிட்டதா என்று தெரிந்தால் போதும். அப்புறம், போன வருஷம் எஞ்சின் ஓவர்ஹால் செய்த வண்டி பட்டியலில் இருந்தால் அதைக் கீழே இறக்குங்கள். செலவழித்த பணத்துக்காக அல்ல, அது போனது போனதுதான். இனி இரண்டு வருஷம் அது அதிகம் கேட்காது என்பதற்காக. அதே வண்டியின் சட்டம் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தால் ஓவர்ஹாலைப் பார்த்து மயங்க வேண்டாம், மேலேயே வையுங்கள்.

மூன்று ஆய்வு வண்டிகளைப் பற்றி என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது இருக்கும் சிறு வண்டிகள் நாளுக்கு எத்தனை மணி நேரம் நிழலில் நிற்கின்றன என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். இரண்டு வண்டிகளைப் பொதுவில் வைத்து முறை போட்டால் போதும் என்று தெரிய வரலாம். அதிகாரிக்கு ஒன்று என்று ஒதுக்கிய வண்டியைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதை வாங்கும்முன் தடுப்பது கொஞ்சம் சுலபம். மிச்சமாகும் தொகையை ஸ்கை லிஃப்டுக்கும் ஜெட்டிங் வண்டிக்கும் உதிரிபாகம், பயிற்சி என்று போடலாம்.

நான்கு காம்பாக்டரையும் ஒரே மாதிரியாக வாங்குங்கள், ஆனால் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரே மாதிரி என்றால் உதிரிபாகம், மெக்கானிக் பயிற்சி எல்லாம் ஒன்றாகப் போகும். முதல் வண்டி மட்டும் முன்னால் வரட்டும், உங்கள் மிக மோசமான வழித்தடத்தில் ஒரு மாதம் ஓடட்டும், அதில் கண்ட குறைகளைத் திருத்தித்தான் மற்ற மூன்றையும் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். தொகுதி தொகுதியாக வாங்குவதில் இன்னொரு வம்பும் இருக்கிறது: ஒரே வருஷம் வாங்கியவை ஒரே வருஷம்தான் கிழடாகும். உங்களிடம் 64 வண்டி, சராசரி ஆயுள் பத்து வருஷம் என்றால் வருஷத்துக்கு ஆறோ ஏழோ மாற்ற வேண்டும். 22 குவிந்து கிடப்பது மூன்று வருஷம் மாற்றாமல் விட்டதன் மிச்சம். இதை இந்த ஒரு ஆண்டில் தீர்க்க முடியாது. அடுத்த ஐந்து வருஷத்துக்கு எந்தெந்த வண்டி என்று ஒரு பட்டியல் போட்டு நிதிப் பிரிவிடம் இப்போதே கொடுத்துவையுங்கள்.

சேசிஸும் பாடியும் தனித்தனியாகவா என்ற கேள்விக்கு வருகிறேன். தனித்தனியாக வாங்கினால் விலை கொஞ்சம் குறையும், உண்மைதான். குறைந்த தொகை எங்கே போகும் என்றால், ஹைட்ராலிக் பம்பு சத்தம் போடும்போது பாடி கட்டியவர் ‘சேசிஸின் பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைப் பம்புக்கு எடுத்துத் தரும் அமைப்பு) சரியில்லை’ என்பார், சேசிஸ்காரர் ‘பம்பு சுற்று தப்பு’ என்பார், நடுவில் நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே உங்கள் நிலையில், பொறுப்பேற்று எட்டு மாதமே ஆன நிலையில், முழு வண்டிக்கும் ஒரே ஆள் பதில் சொல்வது போல வாங்குங்கள். அவர் பாடியை வெளியே கொடுத்துக் கட்டினாலும் கட்டட்டும், கையெழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அனுபவமுள்ள பொறியாளர் குழு இருக்கிற பெரிய நகரங்களுக்கு வேறு வழி ஒத்துவரலாம்.

எந்த வழியில் போனாலும் மூன்று விஷயம் விட்டுப்போகக் கூடாது. சேசிஸ் தயாரிப்பாளர்கள் பாடி கட்டுபவர்களுக்கென்று ஒரு கையேடு தருவார்கள். சேசிஸ் சட்டத்தில் எங்கே துளை போடலாம், எங்கே வெல்டிங் கூடாது, பி.டி.ஓ.வில் எவ்வளவு சக்தி எடுக்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். நீளச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அந்தக் கையேட்டின்படி கட்டியது என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். அடுத்தது, பி.டி.ஓ.வின் வகை. கிளட்ச்சை மிதித்தால் நின்றுபோகும் வகையை, தொட்டி தொட்டியாக நின்று நின்று போகும் வண்டிக்குப் போட்டுவிட்டு அப்புறம் வருந்துகிறவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வண்டி நகரும்போதா நிற்கும்போதா என்று உங்கள் வேலையை விவரித்து எழுதினால் சரியான வகையைத் தேர்வது அவர்கள் பொறுப்பாகிவிடும். மூன்றாவது, வாரன்டி. சேசிஸ் விற்பனையாளரிடமிருந்து கிளம்பிய நாளிலிருந்தே அதன் வாரன்டி ஓடத் தொடங்கிவிடும். பாடி கட்ட ஐந்து மாதம், பதிவுக்கு ஒரு மாதம் என்றால் வண்டி முதல் குப்பையைத் தொடும்போது அரை வருஷம் கரைந்திருக்கும். ‘பணியில் இறங்கிய தேதியிலிருந்து’ என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்தால் இது தீரும். சும்மா கேட்டாலே பலர் ஒப்புக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை.

என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு நகரத்தில் ஆறு காம்பாக்டர்களுக்கு விவரக்குறிப்பு எழுதினேன். எஞ்சின், கியர், அழுத்தும் விசை எல்லாம் அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தேன். வண்டிகள் வந்தன. தொட்டித் தூக்கி, முன்விளிம்பைச் சீப்புப் பல்லால் கவ்வும் வகை. தெருவில் இருந்த தொட்டிகளோ பக்கவாட்டில் இரண்டு முளை நீட்டியிருக்கும் வகை. கை இரண்டும் அந்த முளையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். நாலு மாதம் ஆட்கள் கையால் அள்ளிப் போட்டார்கள். விவரக்குறிப்பைப் படித்த ஏழு அதிகாரிகளில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. ஒரு லோடுமேனிடம் காட்டியிருந்தால் முதல் நிமிஷத்திலேயே ‘தொட்டியை எப்படித் தூக்கும்?’ என்று கேட்டிருப்பார். அன்றிலிருந்து ஒரு டிரைவர், ஒரு லோடுமேன், ஒரு மெக்கானிக் மூன்று பேரும் உட்காராத கூட்டத்தில் நான் எந்த விவரக்குறிப்பையும் முடித்ததில்லை. குப்பை கொட்டும் விளிம்பு இடுப்பளவா தோளளவா, அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கு எட்டுமா, ஃபில்டர் மாற்ற எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்கை லிஃப்டுக்குச் சுருக்கமாக: தாங்குகால்கள் தரையில் ஊன்றாமல் தூக்கும் கை உயராதபடி பூட்டு இருக்க வேண்டும். எஞ்சின் நின்றுபோனால் மேலே இருக்கும் ஆளைக் கீழே இறக்கக் கைப்பம்பு இருக்க வேண்டும், ஒப்படைக்கும் நாளில் எஞ்சினை அணைத்துவிட்டு அதை உங்கள் கண்முன் இயக்கிக்காட்டச் சொல்லுங்கள். மின்கம்பிக்கு அருகே வேலை என்றால் மின்காப்புள்ள கூடையும் கையும், அதற்கான சோதனைச் சான்றும் தேவை. ஜெட்டிங் வண்டிக்கு எடைக் கணக்கு சுலபம், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பாதி நிரம்பிய டேங்க்கில் தண்ணீர் அலை மோதி வண்டியைத் தள்ளும், உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உறிஞ்சும் வசதியும் சேர்ந்திருந்தால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர்க் கணக்குப் போடாதீர்கள், மணலும் சகதியும் தண்ணீரைவிடக் கனம்.

புது டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி ஒன்று இருக்கும். அதில் சேரும் கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு இது பிரச்சினையே இல்லை. வீட்டுக்கு வீடு நின்று போகும் காம்பாக்டரில் அந்தச் சூடு வருவதில்லை; அடைத்துக்கொண்டு எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். வண்டியை நிறுத்தி வைத்து எரிக்கும் பொத்தான் உள்ள வகையாகக் கேளுங்கள். அதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதைக் காய்ந்த குப்பைமேட்டின் பக்கத்தில் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், புகைக்குழாய் தீக்கொள்ளிபோல் இருக்கும்.

இதிலிருந்து மின்சார வண்டிக்குப் போவது இயல்பு. நகர வேலைக்கு மின்சாரம் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: நிலையான வழித்தடம், ராத்திரி ஷெட்டுக்குத் திரும்பும் வண்டி, ஓயாமல் பிரேக் போடுவதால் திரும்பக் கிடைக்கும் மின்சாரம். சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் ஏறக்குறைய 16,000 பேருந்துகளையும் மின்சாரமாக்கிவிட்டது. ஆனால் வண்டிக்கு முன் மின்இணைப்பு வர வேண்டும். ஐந்து வண்டி, ஒவ்வொன்றுக்கும் இரவில் 200 யூனிட், எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்றால் மொத்தம் 125 கிலோவாட், இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். உங்கள் ஷெட்டின் இணைப்பு அதைத் தாங்குமா? புது டிரான்ஸ்ஃபார்மர் வருவதற்குள் வண்டி வந்துவிட்டால், மூடிய வண்டியைக் காவல் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எடையும் மறக்காதீர்கள், 200 யூனிட் பேட்டரி ஒன்றரை டன்னை ஒட்டி வரும். இந்த ஆண்டு சிறு வண்டிகளை மின்சாரமாக வாங்குங்கள். காம்பாக்டருக்கு இப்போது டீசல், ஆனால் மின்வாரியத்துக்கு விண்ணப்பத்தை இந்த மாதமே போடுங்கள். அடுத்த தொகுதிக்கு அது உதவும்.

கடைசிக் கேள்வி, பழைய வயர்லெஸ்ஸும் விளக்கும். வயர்லெஸ் நல்ல நிலையில் இருந்தால் மாற்றலாம். சுழல்விளக்கு பழைய பல்பு வகையாக இருந்தால் விட்டுவிடுங்கள், எல்.இ.டி. வகை அதில் ஒரு சிறு பங்கு மின்சாரத்தில் ஓடும். கேமராவைப் பொருத்தும் கூலியே புது கேமராவை நெருங்கிவிடும். கழற்றி மாட்டுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு: பழையதைக் கழற்றும்வரை அந்த வண்டி ஓடாது, மாட்டி முடிக்கும்வரை புதியதும் ஓடாது.

பொருள் எதுவானாலும் பொருத்துகிற முறைதான் உயிர். பெரிய வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடர்ச்சியாக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். வயர்லெஸ்ஸுக்கு 12தான் வேண்டும். பொருத்த வருகிறவர் பெரும்பாலும் என்ன செய்வார்? ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒரு வயரை இழுத்துக் கொடுத்துவிடுவார், வேலை செய்யும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்த ஒரு பேட்டரி எப்போதும் குறைந்தே கிடக்கும், மற்றது தேவைக்கு மேல் சார்ஜ் ஆகி வேகும், சில மாதத்தில் இரண்டும் போகும். பேட்டரி கம்பெனியைத் திட்டிக்கொண்டு புதிது வாங்குவோம். 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் கட்டாயம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு வயருக்கும் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே. கருவிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசும்போது அது காப்பாற்றாது. பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கும்முன் கூடுதல் கருவிகளை அணைத்துவிடும் துண்டிப்பான் ஒன்றும் வேண்டும். பயணி பக்க ஏர்பேக் விரியும் இடத்தில் டேப்லெட் தாங்கியை மாட்டியிருக்கிறார்களா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். மாட்டியவரிடமிருந்து வயரிங் படம் ஒன்றை வாங்கி வண்டிக் கோப்பில் வைக்காமல் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.

பழைய ஒன்பது வண்டிகளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ‘ஒரு ஓரமாக நிற்கட்டும், அவசரத்துக்கு உதவும்’ என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். ஒன்றோ இரண்டோ மாற்று வண்டியாக வைக்கலாம், இருப்பதில் நல்லதாக. மற்றவை புதியது பணியில் இறங்கிய முப்பது நாளில் பயன்படாதவை என்று கண்டம் ஆகி வெளியேற வேண்டும் என்று வாங்கும் உத்தரவிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் 64 வண்டி 73 ஆகியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் இன்சூரன்ஸ் கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஏலத்துக்குப் போகும்முன் நகராட்சிப் பெயரை அழிப்பது, வயர்லெஸ்ஸை எடுப்பது, ஜி.பி.எஸ். கருவியின் சிம்மை நிறுத்துவது, டீசல் அட்டையை ரத்து செய்வது நான்கும் உங்கள் ஆள் ஒருவர் கையெழுத்தோடு முடிய வேண்டும். ஏலத்தில் விற்ற வண்டி நகராட்சிப் பெயரோடு எங்கேயோ மணல் அள்ளிப் பிடிபட்டு, விசாரணைக் கடிதம் எனக்கு வந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

அந்த ஆறு எண்களை எடுத்துவிட்டு எழுதுங்கள். சேசிஸின் அனுமதி எடைத் தகட்டையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பெட்டியின் அளவைச் சேர்ந்தே போட்டுவிடலாம்.